அரசு விண்வெளி முகமை தொடங்கப் போகிறீர்களா? முதலில் வாங்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாக விண்வெளி முகமை தொடங்குகிறோம் என்று ஒரு அரசு அறிவித்ததும் இலச்சினை, கட்டடம், தலைவர் நாற்காலிக்கு யார் என்ற இழுபறி எல்லாம் தானாகவே வந்து சேர்ந்துவிடும். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1969இல் இஸ்ரோ தொடங்கியபோது ராக்கெட்டையும் செயற்கைக்கோளையும் தரைநிலையத்தையும் தானே செய்து பழகியாக வேண்டிய நிலை. விற்க ஆள் குறைவு, விற்க மனமுள்ளவர்களையும் அவர்கள் அரசுகள் எளிதில் விடவில்லை. இன்று நிலைமை வேறு. ஏவித்தர ஆள் இருக்கிறது, செயற்கைக்கோள் கட்டித்தர ஆள் இருக்கிறது, மேலிருந்து படம் எடுத்து விற்கவும் ஆள் இருக்கிறது.

அதனால் இன்றைய முகமைக்கு வேண்டிய முதல் திறமை வாங்கத் தெரிவதுதான். எதை வாங்குவது, எப்போது பணம் கொடுப்பது, எப்போது நிறுத்துவது, விழுந்து நொறுங்கினால் யார் தலையில் விடியும் என்று தெளிவாகத் தெரிந்த சின்னக் குழு ஒன்று போதும், தொடங்கிவிடலாம். ராக்கெட் விஞ்ஞானிகள் வேண்டாமா என்றால் வேண்டும், ஆனால் அவர்களும் இந்தக் குழுவில் உட்கார்ந்து ஒப்பந்தம் படிக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது

1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தத்தில் ஆறாவது பிரிவை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். ஒரு நாட்டிலிருந்து தனியார் நிறுவனம் விண்வெளியில் என்ன செய்தாலும் அதற்குப் பொறுப்பு அந்த நாட்டு அரசு. அனுமதி கொடுப்பதோடு வேலை முடியாது, தொடர்ந்து மேற்பார்வையும் செய்ய வேண்டும். 1972இல் வந்த இழப்பீட்டு உடன்படிக்கை இன்னும் கறார்: ஏவிய பொருள் பூமியில் விழுந்து சேதம் செய்தால், தவறு யாருடையது என்ற வாதத்துக்கே இடமில்லை, ஏவிய நாடு கொடுத்தாக வேண்டும். 1978இல் சோவியத் யூனியனின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் அணு உலையோடு கனடாவின் வடபகுதியில் விழுந்து சிதறியபோது கனடா சுமார் 60 லட்சம் கனடிய டாலர் கேட்டது, 1981இல் 30 லட்சத்துக்குக் கணக்கு முடிந்தது. அது அரசு செயற்கைக்கோள். நாளை உங்கள் ஊர் ஸ்டார்ட்அப் ராக்கெட்டின் ஒரு துண்டு பக்கத்து நாட்டுக் கூரையில் விழுந்தாலும் பில் உங்கள் வெளியுறவுத் துறைக்குத்தான் வரும்.

ஆகவே அனுமதி கொடுக்கும் முன்பே காப்பீட்டை எழுதிவையுங்கள். அமெரிக்காவில் 1984 முதல் வணிக ஏவுதலுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு ஏவுதலுக்கும் அதிகபட்சம் எவ்வளவு சேதம் நேரலாம் என்று அரசு கணக்குப் போடுகிறது, அந்த அளவுக்கு நிறுவனம் காப்பீடு எடுக்க வேண்டும், மூன்றாம் நபர் இழப்புக்கு அதன் உச்சவரம்பு 50 கோடி டாலர். அதற்கு மேல் போனால் ஒரு எல்லை வரை அரசு ஏற்கும். இந்த வரம்பு இல்லாவிட்டால் சின்ன நிறுவனம் எதுவும் களத்துக்கே வராது. எல்லாச் சுமையையும் அரசே ஏற்பதாகச் சொல்லிவிட்டாலோ நிறுவனத்துக்குக் கவனம் போய்விடும்.

நியூசிலாந்து இதில் வேகமாக ஓடியது. ராக்கெட் லேப் என்ற தனியார் ராக்கெட் நிறுவனம் அங்கே மாஹியா தீபகற்பத்தில் ஏவுதளம் கட்டிக்கொண்டிருந்தபோதே, 2016இல், வணிக, புத்தாக்க, வேலைவாய்ப்பு அமைச்சகத்துக்குள் சிறிய விண்வெளி முகமை ஒன்றைத் தொடங்கினார்கள். சட்டம் 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2017இல் விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவின் வரைவு வந்தது, ஆண்டுகள் ஓடின, சட்டமாகவில்லை. 2023 விண்வெளிக் கொள்கையையும் 2024இல் வெளியிட்ட விதிமுறைகளையும் வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. ஓடுகிறதே, என்ன குறை என்று கேட்கலாம். விபத்து நடந்து வழக்கு வரும்வரை குறை தெரியாது.

செய்பவர், வாங்குபவர், அனுமதிப்பவர்

இந்த மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சொல்லச் சுலபம், செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், ஏனென்றால் ஆரம்பத்தில் விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் இருப்பார்கள்.

இந்தியாவில் பல பத்தாண்டுகள் இஸ்ரோதான் எல்லாம். தொழிற்சாலைகள் அதற்கு வேலை செய்யாமல் இல்லை. கோத்ரெஜ், எல் அண்ட் டி போன்ற பெரியவர்களிலிருந்து சிறிய பட்டறைகள் வரை உதிரிபாகம் செய்து கொடுத்தார்கள். ஆனால் வரைபடம் இஸ்ரோவுடையது, சோதனை இஸ்ரோவுடையது, வெற்றியும் தோல்வியும் இஸ்ரோவுடையது. வரைபடத்தில் இருப்பதை அப்படியே கடைந்து கொடுப்பதோடு பட்டறையின் வேலை முடிந்தது. முழு ராக்கெட்டைத் தானே யோசித்துக் கட்டும் நிறுவனம் அந்த ஏற்பாட்டிலிருந்து முளைக்க வழியே இல்லை. 2019இல் வணிகத்துக்கென்று நியூஸ்பேஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனம் வந்தது, 2020 ஜூனில் அனுமதிக்கும் ஊக்குவிப்புக்கும் இன்-ஸ்பேஸ் அமைக்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, இஸ்ரோ ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் என்று வேலை பிரிந்தது. இன்-ஸ்பேஸ் தலைமையகம் இஸ்ரோ இருக்கும் பெங்களூரில் இல்லை, அகமதாபாத்தில். முதல் தலைவராக வந்த பவன் கோயங்கா மஹிந்திராவில் கார், டிராக்டர் பார்த்தவர். வெளியாள் ஒருவரைக் கொண்டுவந்தது நல்ல முடிவு என்பேன்.

ஆனால் பிரிவினை பாதிதான். மூன்றுமே விண்வெளித் துறையின் கீழே வருகின்றன, அந்தத் துறையின் செயலரும் இஸ்ரோ தலைவரும் ஒரே நபர். நாளை ஒரு தனியார் ராக்கெட் இஸ்ரோவின் ராக்கெட்டோடு வாடிக்கையாளருக்காகப் போட்டி போட்டால், அனுமதி கேட்டுப் போகும் கதவும் போட்டியாளரின் வீட்டுக் கதவாகவே இருக்கும். இதுவரை பெரிய சண்டை எதுவும் வெளியே வரவில்லை, மனிதர்கள் நல்லவர்களாக இருந்ததுதான் காரணம் என்றால் அதை நம்பி அமைப்பு கட்டக் கூடாது. அமெரிக்காவில் ஏவுதல் உரிமம் கொடுப்பது நாசா இல்லை, விமானப் போக்குவரத்து நிர்வாகம். பிரிட்டனும் 2021இல் அந்த வேலையைத் தன் விண்வெளி முகமையிடமிருந்து எடுத்து விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கொடுத்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளிலேயே இப்படிச் செய்யலாம், செலவு ஒன்றும் அதிகமில்லை.

வாங்குவது எப்படி

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஸ்பேஸ் ஷட்டில் ஓய்வுபெறப் போகிறது, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு போக வேண்டும் என்ற நிலையில் 2006இல் நாசா ஒரு புதிய வழியை எடுத்தது. பழைய வழி, செலவு எவ்வளவானாலும் அதோடு லாபத்தையும் சேர்த்துக் கொடுப்பது. அதில் தாமதமானால் நிறுவனத்துக்கு நஷ்டமில்லை, சில சமயம் லாபம்கூட. புதிய திட்டத்தில் நாசா ராக்கெட்டின் வரைபடத்தைக் கொடுக்கவில்லை. சரக்கை நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக் காட்டுங்கள், எப்படி என்பது உங்கள் பாடு என்றது. நிறுவனமும் தன் பணத்தைப் போட வேண்டும். நாசாவின் பங்கு நிலை நிலையாக, ஒவ்வொரு நிலையும் முடிந்ததை நிரூபித்த பிறகு மட்டுமே கிடைக்கும். வீடு கட்டும்போது பேஸ்மட்டத்துக்கு இவ்வளவு, லிண்டலுக்கு இவ்வளவு, தளம் போட்டால் இவ்வளவு என்று மேஸ்திரியிடம் பேசிக்கொள்கிறோமே, அதே கணக்கு.

முதல் சுற்றில் தேர்வானவை ஸ்பேஸ்எக்ஸ், ராக்கெட்பிளேன் கிஸ்லர் என்ற இரண்டு நிறுவனங்கள். கிஸ்லருக்கு ஒதுக்கியது 20.7 கோடி டாலர். அதன் நிலைகளில் ஒன்று, வெளியிலிருந்து இவ்வளவு முதலீடு திரட்டியதைக் காட்ட வேண்டும் என்பது. திரட்ட முடியவில்லை. கெடுவை நீட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள், மறுபடியும் முடியவில்லை, 2007 அக்டோபரில் நாசா ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அதுவரை கையை விட்டுப் போனது சுமார் 3.2 கோடி டாலர்தான். மிச்சப் பணத்துக்கு மறுபடி போட்டி வைத்து, 2008இல் ஆர்பிட்டல் சயன்ஸஸுக்கு 17 கோடி டாலர் கொடுத்தார்கள். அரசுத் திட்டம் ஒன்றில் பாதியில் ஒருவரை நிறுத்தி, பெரும்பகுதிப் பணத்தைக் காப்பாற்றி, சில மாதத்தில் அடுத்தவரைப் பிடித்ததுதான் அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, 2012 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம் விண்வெளி நிலையத்தோடு இணைந்த காட்சியைவிட. கடைசியில் ஸ்பேஸ்எக்ஸ் வாங்கியது மொத்தம் 39.6 கோடி, ஆர்பிட்டல் 28.8 கோடி. சரக்கு கொண்டுபோகும் ஒப்பந்தம் அதற்குத் தனி: ஸ்பேஸ்எக்ஸுக்கு 12 பயணத்துக்கு 160 கோடி, ஆர்பிட்டலுக்கு 8 பயணத்துக்கு 190 கோடி.

எப்போதும் இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரே போதும், செலவு மிச்சம் என்று நிதித் துறை சொல்லும், விடாதீர்கள். 2014 அக்டோபரில் ஆர்பிட்டலின் அன்டாரெஸ் ராக்கெட் ஏவுதளத்துக்கு மேலேயே வெடித்தது; 2015 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 நடுவானில் சிதறியது. இரண்டும் வெவ்வேறு காரணம், வெவ்வேறு நேரம், அதனால் சமாளித்தார்கள். மனிதர்களைக் கொண்டுபோகும் ஒப்பந்தத்திலும் இதே கதை: 2014இல் போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. அனுபவசாலி என்று எல்லோரும் நம்பிய போயிங்கின் ஸ்டார்லைனர் 2024இல் இரண்டு பேரைக் கொண்டுபோய் விட்டு, அவர்கள் இல்லாமல் காலியாகத் திரும்பியது. நிலையான விலை ஒப்பந்தம் என்பதால் கூடுதல் செலவில் 150 கோடி டாலருக்கும் மேல் போயிங்கின் கணக்கில் விழுந்தது, அந்த நஷ்டம் அரசுக்கு வரவில்லை.

உங்கள் ஒப்பந்தத்தில் நிலைகளை எழுதும்போது ஒன்றில் பிடிவாதமாக இருங்கள். ‘வடிவமைப்பு 60 சதவீதம் முடிந்தது’ என்று எழுதினால் அது நிலையே இல்லை, யார் வேண்டுமானாலும் 60 என்று சொல்லலாம். ‘எஞ்சின் முழு நேரம் எரிந்த சோதனை, அழுத்தம், வெப்பநிலைப் பதிவுகள் ஒப்படைப்பு, முகமையின் பொறியாளர் நேரில் இருந்து கையெழுத்து’ என்று எழுதினால்தான் தகராறு வராது. கையெழுத்துப் போட்ட பிறகு எத்தனை நாளில் பணம் வரும் என்பதையும் எழுதுங்கள், அதை மீறினால் முகமை வட்டி கட்டும் என்றும் எழுதுங்கள். சின்ன நிறுவனங்கள் பல தடவை தோற்பது தொழில்நுட்பத்தில் இல்லை, சோதனை வெற்றிபெற்று பில் போட்ட பிறகு ஃபைல் மேசை மேசையாக நகரும் மாதங்களில் சம்பளம் கொடுக்க முடியாமல்தான்.

அப்புறம் இந்த எல்-1. குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கே ஆர்டர் என்பது மேசை நாற்காலி வாங்கச் சரி. இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்லும்போது குறைந்த விலை சொன்னவர், வேலை எவ்வளவு கடினம் என்று புரியாதவராக இருக்க வாய்ப்பு அதிகம். தொழில்நுட்ப மதிப்பெண்ணுக்கும் நிதி வலுவுக்கும் எடை கொடுத்து மதிப்பிடும் முறையை விதியிலேயே கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் தணிக்கைக்குப் பயந்து அதிகாரி எல்-1க்கே போவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கையில் இருப்பதைத் திறந்துவிடுவது

ஏற்கெனவே அரசு ஆய்வகம், சோதனை மேடை, ஏவுதளம் வைத்திருக்கும் நாடு என்றால், பணம் கொடுப்பதைவிடப் பெரிய உதவி அதன் கதவைத் திறப்பது. அதிர்வு சோதனை மேடையையோ வெப்ப வெற்றிட அறையையோ ஒரு ஸ்டார்ட்அப் சொந்தமாகக் கட்ட முடியாது. கட்டணப் பட்டியலை வெளியிடுங்கள், முன்பதிவு நாட்காட்டியை வெளியிடுங்கள். யாரைத் தெரியும் என்பதை வைத்துத் தேதி கிடைக்கும் நிலை வந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

2022 நவம்பரில் ஸ்கைரூட் என்ற ஸ்டார்ட்அப்பின் விக்ரம்-எஸ் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது, துணைச்சுற்றுப் பாதைப் பயணம்தான், அதாவது பூமியைச் சுற்றாமல் மேலே போய் விழுவது. சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் ஒரு படி மேலே போய் அதே வளாகத்துக்குள் தன் சொந்த ஏவுமேடையைக் கட்டியது. ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் செய்த எஞ்சினோடு அதன் சோதனை ராக்கெட் பல தடவை கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு, 2024 மே 30 அன்று பறந்தது. இந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள்: மேடை தனியாருடையது, ராக்கெட் தனியாருடையது, ஆனால் ராக்கெட் தடம் மாறினால் பறத்தலை முடிக்கும் அமைப்பு இஸ்ரோ கொடுத்தது. பாதுகாப்பை மட்டும் கையைவிட்டு விடாதீர்கள். அந்தப் பொறுப்பில் இருப்பவர்களின் கருவிகளையும் சேர்த்துச் சோதியுங்கள். 2017 மேயில் ராக்கெட் லேபின் முதல் எலெக்ட்ரான் ராக்கெட் நன்றாகப் பறந்துகொண்டிருக்கும்போதே அதன் பறத்தல் முடிக்கப்பட்டது, கோளாறு ராக்கெட்டில் இல்லை, தரையிலிருந்த வேறொரு நிறுவனத்தின் கருவி அமைப்பில்.

இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டம் செயற்கைக்கோளை விட்ட பிறகு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதிலேயே சின்னக் கருவிகளைப் பொருத்திச் சோதிக்க இடம் கொடுக்கிறார்கள், 2022இலிருந்து ஸ்டார்ட்அப்புகளும் அதில் ஏறுகின்றன. வீணாகப் போகிற பொருளில் இப்படி ஒரு வழி கண்டவரைப் பாராட்ட வேண்டும்.

பணம், நிலம், அலைவரிசை

ஊக்கத்தொகையா, ஆர்டரா என்று கேட்டால் என் வாக்கு ஆர்டருக்கு. இந்திய அரசு 2024இல் விண்வெளி ஸ்டார்ட்அப்புகளுக்கு 1,000 கோடி ரூபாய் முதலீட்டு நிதிக்கு ஒப்புதல் கொடுத்தது, அதே ஆண்டு அந்நிய முதலீட்டு விதிகளையும் தளர்த்தியது: செயற்கைக்கோளுக்கு 74 சதவீதம் வரை, ஏவுகலத்துக்கு 49 வரை, உதிரிபாகத்துக்கு 100 வரை முன் அனுமதி இல்லாமல். நல்லதுதான். ஆனால் அரசு என்னிடம் ஐந்து வருடத்துக்கு வாங்கும் என்று ஒரு தாள் கையில் இருந்தால் வங்கி மேலாளரே நாற்காலி போட்டு உட்கார வைப்பார். மானியக் கடிதத்துக்கு அந்த மரியாதை கிடையாது.

நிலத்தில் அவசரப்படாதீர்கள். ஏவுதளம் எல்லா நாட்டுக்கும் தேவையில்லை, லக்சம்பர்க் ஏவுதளம் இல்லாமலேயே முகமை நடத்துகிறது. தேவை என்றால் காரணம் புவியியலாக இருக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது வடக்கு தெற்காகச் சுற்றும் பாதைக்கு, போகும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும், பெரிய ராக்கெட் தாங்கும், சின்ன ராக்கெட்டுக்கு அதில் சுமையே போய்விடும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே போகலாம், அதனால்தான் 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல். அந்தக் கரையில் ஏவுதல் நாள் என்றால் கடலில் ஒரு பகுதியை மூட வேண்டியிருக்கும், அது மீன்பிடிக்கும் கடல். எத்தனை நாள், எத்தனை மணி, முன்கூட்டியே எப்படிச் சொல்வது, போன பிழைப்புக்கு என்ன கணக்கு என்று ஏவுதளம் கட்டும் முன்பே ஊரில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அலைவரிசையை ஒத்திப்போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் பதிவு செய்து ஏழு ஆண்டுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவராவிட்டால் உரிமை போய்விடும். அலைவரிசையை ஒப்பந்தத்தில் சேர்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும், இஸ்ரோவின் வணிகக் கிளையான ஆண்ட்ரிக்ஸ், தேவாஸ் என்ற தனியார் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் விவகாரம் கண்முன்னே இருக்கிறது. 2005இல் கையெழுத்து, 2011இல் அரசு ரத்து, 2015இல் சர்வதேசத் தீர்ப்பாயம் 56.25 கோடி டாலர் இழப்பீடு, 2022இல் உச்ச நீதிமன்றம் மோசடி என்று சொல்லி தேவாஸை மூடியதை உறுதிசெய்தது. இரண்டு செயற்கைக்கோளின் அலைவரிசைக்காக இவ்வளவும். எதற்கு யார் ஒப்புதல் தர வேண்டும், எந்த நிலையில் அரசு விலகலாம், விலகினால் என்ன கொடுக்கும், இந்த மூன்றும் ஒப்பந்தத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்க வேண்டும்.

முதல் கொள்முதல்

முதல் ஆண்டில் ராக்கெட் பக்கம் போகாதீர்கள். படம் வாங்குங்கள். வேளாண் துறைக்குப் பயிர்ப் பரப்பு, வருவாய்த் துறைக்கு ஏரி ஆக்கிரமிப்பு, பேரிடர் மேலாண்மைக்கு வெள்ளம் என்று ஒவ்வொரு துறைக்கும் தேவை இருக்கும். தனித்தனியாக வாங்கினால் ஒரே படத்துக்கு மூன்று தடவை பணம் போகும். மூன்றையும் சேர்த்து ஒரே டெண்டராக, இரண்டு நிறுவனங்களிடம் சிறிய அளவில், ஒரு ஆண்டுக்கு வாங்குங்கள். நாசாவே பிளானட், ஸ்பையர் போன்ற நிறுவனங்களிடம் தரவை முதலில் சோதனை முயற்சியாக வாங்கி, விஞ்ஞானிகளிடம் கொடுத்துப் பார்த்த பிறகுதான் தொடர்ந்து வாங்க ஆரம்பித்தது.

அந்த டெண்டரில் மறக்காமல் சேர்க்க வேண்டியவை: வாங்கிய படத்தை எல்லா அரசுத் துறைகளும் அரசுப் பல்கலைக்கழகங்களும் பயன்படுத்த உரிமை, மேகம் மூடிய படத்துக்குப் பணம் கிடையாது என்ற வரையறை (எத்தனை சதவீதம் மேகம் என்று எண்ணில்), வெள்ளம் வந்த நாளில் எத்தனை மணி நேரத்துக்குள் படம் வந்து சேர வேண்டும், வராவிட்டால் எவ்வளவு பிடித்தம். வடகிழக்குப் பருவமழை போன்ற காலத்தில் வெறும் ஒளிப்படம் உதவாது, மேகத்தைத் தாண்டியும் தெரியும் ரேடார் படமும் வேண்டும், அதைத் தனி வரியாகக் கேளுங்கள். ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று மாதம் முன்னால் மூன்று துறைகளையும் கூப்பிட்டு எந்தப் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று கேளுங்கள், அடுத்த டெண்டரில் அதை எடுத்துவிடலாம்.